இன்றைய ஆற்றுப்படைகள்: சிக்கனப் பயணியும் வழிகாட்டி நூலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கமும் ஆய்வரங்கமும் நிகழ்ந்த இம்மேடையில், குறைந்த செலவில் வெளிநாடு செல்வோர் தம் முதுகுப்பையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விடுதி வாடகையையும் பேருந்து புறப்படும் இடத்தையும் சொல்லும் நூலுக்கு இலக்கிய வட்டத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள்.

ஆற்றுப்படையின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்குச் சொல்கிறான். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவியர் வியப்பது அதன் நடைமுறை அறிவைக் கண்டுதான். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே பொழுது புலர்ந்தபின் செல்லுங்கள் என்கிறது நூல். பாம்பு கிடக்கும் குழிகளைப் பார்த்து நடக்கச் சொல்கிறது. புனங்காப்போர் கவணில் எறியும் கல் மேலே படாதபடி மரங்களை மறைவாகக் கொள்ளச் சொல்கிறது. பாசி படிந்து கால் வழுக்கும் இடத்தில் அருகிலுள்ள தண்டுகளைப் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையோ எந்த ஊரில் எந்த உணவு கிடைக்கும் என்பதையும் வரிசையாக உரைக்கிறது. புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்னும் துறையும் உண்டு. வழிச்செல்லும் பெண்ணுக்கென ஒரு துறையே வகுத்தவர்கள் நம் முன்னோர்.

இவற்றிலிருந்து மூன்று இயல்புகளைப் பிரித்தெடுக்கலாம். சொல்பவன் அவ்வழியில் தானே நடந்தவன். கேட்பவன் கையில் பொருளில்லாதவன். சொல்பவன் தான் அறிந்ததை மறைத்துவைக்காமல் சொல்கிறான். இந்த மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இன்றைய வழிகாட்டி நூல்களை நோக்குவோம்.

மேலைநாட்டில் இவ்வகை நூலுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவர், ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரத்துப் பதிப்பாளர் கார்ல் பெடெக்கர் (1801-1859). மிலான் பேராலயத்தின் மேல்தளத்திற்கு ஏறியபோது, இருபது படிக்கு ஒரு பட்டாணியாக ஒரு சட்டைப்பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றி அவர் படிகளை எண்ணினார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. இந்தக் கண்டிப்பிற்கு ஒரு நோக்கம் இருந்தது. கூலிக்கு வரும் வழிகாட்டியையும் விடுதிக்காரரையும் எதற்கெடுத்தாலும் நம்பியிருக்க வேண்டிய நிலையிலிருந்து பயணியை விடுவிக்க வேண்டும் என்று அவர் கருதினார். எனினும் அவர் நூலை வாங்கியவர்கள் ஓரளவு வசதி படைத்தவர்களே.

வசதியற்றவருக்கான நூல் அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து வந்தது. அமெரிக்கப் படைவீரராக ஐரோப்பாவில் பணியாற்றிய ஆர்தர் ஃப்ரோமர் (1929-2024), நாளொன்றுக்கு 5 டாலர் செலவில் ஐரோப்பாவைக் காணலாம் என்பதையே தலைப்பாக வைத்து 1957இல் ஒரு நூல் வெளியிட்டார். செலவு குறையக் குறைய அந்நாட்டு மக்களை நெருங்குகிறோம் என்பது அவர் கொள்கை. 1972இல் டோனி வீலர், மௌரீன் வீலர் என்னும் இளந்தம்பதியர் லண்டனிலிருந்து தரைவழியே ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா சென்று சேர்ந்தனர். சிட்னியை அடைந்தபோது அவர்கள் கையில் எஞ்சியது 27 சென்ட். எப்படிச் சென்றீர்கள், எவ்வளவு செலவாயிற்று என்று பலரும் கேட்கவே, விடைகளைத் தொகுத்து 1973இல் சிறுநூலாக்கினார்கள். அச்சிட்ட 1500 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. லோன்லி பிளானட் என்ற பதிப்பகம் பிறந்த கதை இது. 1975இல் அவர்கள் வெளியிட்ட தென்கிழக்காசிய நூலை, அதன் அட்டையின் நிறத்தைக் கொண்டு ‘மஞ்சள் வேதம்’ என்றே பயணியர் அழைத்தனர். 1982இல் மார்க் எல்லிங்கம் என்னும் ஆங்கிலேய இளைஞர் கிரேக்க நாட்டைப் பற்றி எழுதிய நூலிலிருந்து ரஃப் கைட் வரிசை தோன்றியது. சிக்கனக் குறிப்புகளோடு அந்நாட்டின் வரலாற்றையும் அரசியலையும் பண்பாட்டையும் ஒரே நூலில் தந்தது அதன் சிறப்பு. இவர்கள் அனைவரும் நடந்தபின் எழுதியவர்கள். எதிரே வருபவனின் கேள்விக்கு விடையாக எழுதியவர்கள்.

இந்நூல்களால் விளையும் பயன் யாது? பணம் மிச்சமாகும் என்பது வெளிப்படையான விடை. இரவு ரயிலில் உறங்கிச் சென்றால் ஒருநாள் வாடகை மிச்சம். பலர் ஒரே அறையில் தங்கும் படுக்கை விடுதியில் சமையலறை இருந்தால் உணவுச் செலவு பாதி. அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு என்பது என் கருத்து. அந்நிய மண்ணில் கால்வைத்த எளியவருக்கு அந்நூல் தன்மதிப்பைத் தருகிறது. பாங்காக் அரண்மனைக்கு அருகே நேர்த்தியாக உடுத்திய ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறிடம் காட்டுகிறேன் என்று கனிவோடு சொல்லி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி நகைக்கடையில் இறக்கிவிடுவது நெடுங்கால ஏமாற்று. அதைப் படித்தறிந்தவர் புன்னகையோடு மறுத்துவிட்டு வாயிலை நோக்கி நடப்பார். படிக்காதவர் ஏமாறுவார், அல்லது எவரைக் கண்டாலும் அஞ்சுவார். நியாயமான கட்டணம் இன்னதென்று தெரிந்தவருக்கு எல்லோரையும் ஐயுற வேண்டிய தேவை இல்லை. ஆகவே மனிதரோடு மனம்விட்டுப் பேச அவரால் முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நானும் உடன்பணியாற்றும் பேராசிரியை ஒருவரும் பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் மலேசிய எல்லைக்குச் சென்றோம். பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே கட்டடத்தில் நடக்கும். அங்கிருந்து உள்ளூர் மின்ரயிலில் பட்டர்வொர்த் சென்று படகில் பினாங்கை அடையலாம். இத்தனையும் நூலில் இருந்தது. இரண்டு பெண்கள், இரண்டு பைகள், ஒரு நூல். யாரிடமும் இரந்து கேட்காமல், யாருடைய துணைக்கும் காத்திராமல் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குள் நடந்து நுழைந்தபோது, விறலியாற்றுப்படையின் பொருள் எனக்குப் புதிதாய் விளங்கிற்று.

கவிஞர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவீர்கள். வழிதவறுவதில் அன்றோ பயணத்தின் இன்பம், எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வியப்பு எங்கே என்பீர்கள். இத்தடையை நான் மதிக்கிறேன். ஆனால் வழிதவறுவது எல்லோர்க்கும் ஒன்றல்ல. பணமுள்ளவர் வழிதவறினால் ஒரு வாடகை வண்டியில் மீள்வார். அது அவருக்குச் சுவையான அனுபவம். கணக்கிட்ட பணத்தோடு வந்தவர் வழிதவறினால் இரவு உணவு இல்லை. தனித்துச் செல்லும் பெண் வழிதவறினால் இழப்பு இன்னும் பெரிதாகலாம். எந்தத் தெருவில் தயங்காமல் அலையலாம் என்று முதலில் தெரிந்துகொண்டவருக்கே அலைவதன் இன்பமும் கிட்டும்.

இந்நூல்களுக்குக் குறைகளும் உண்டு. ஒரு தெருவை நூல் புகழ்ந்தால் எல்லோரும் அங்கே குவிகிறார்கள். பாங்காக்கின் காவோ சான் சாலை அவ்வாறு உருமாறியது. மலிவான தங்குமிடங்களுக்காகப் பெயர்பெற்ற அத்தெருவில் பின்னர்க் கேளிக்கை விடுதிகள் நிறைந்தன. அச்சேறிய செய்தி பழையதாகிவிடுவது மற்றொரு குறை. பாங்காக்கின் தொலைதூர ரயில்களுள் பெரும்பாலானவை 2023 ஜனவரியில் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து புதிய மைய நிலையத்திற்கு மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய பதிப்பை நம்பிச் செல்பவர் ரயிலைத் தவறவிடுவார். நேரத்தையும் கட்டணத்தையும் கைப்பேசியில் பார்ப்பதே இன்று முறை. ஆனால் கைப்பேசி ஒரு விடுதிக்கு ஆயிரம் பேர் கூறிய ஆயிரம் கருத்துகளைக் கொட்டுகிறது. ஒரு நாட்டை எத்திசையில் தொடங்கி எப்படிக் காண்பது, எதை விட்டுவிடலாம் என்று பொறுப்பேற்றுச் சொல்வதற்கு, அந்நாட்டில் நடந்த ஒருவரின் முழுமையான நூல் இன்றும் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது குறை கடுமையானது. தாம் பங்குபெற்ற கொலம்பிய வழிகாட்டி நூலுக்காக அந்நாட்டிற்கே செல்லவில்லை என்று 2008இல் ஒரு நூலாசிரியர் கூறியது பெரும் விவாதத்தை எழுப்பிற்று. அவர் எழுதியது வரலாறு முதலிய பகுதிகளையே என்று பதிப்பகம் விளக்கம் தந்தது. விளக்கம் எதுவாயினும், படித்தவர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? நடந்தவனே சொல்கிறான் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கும் இலக்கிய வகை இது என்பதால்தான்.

இனி நம்மோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு செய்திக்கு வருகிறேன். சாலை ஒன்றே ஆயினும் செல்பவரைப் பொறுத்து அது வேறு வேறு சாலையாகிறது. இதை எனக்கு உணர்த்தியது ஓர் அமெரிக்க நூல். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் கறுப்பினத்தவர், தம் மக்களுக்கென 1936இல் ஒரு வழிகாட்டி நூல் தொடங்கினார். எந்த ஊரில் எந்த விடுதி, எந்த உணவகம், எந்த எண்ணெய் நிலையம் தம்மவரை அவமதிக்காமல் ஏற்கும் என்ற பட்டியல் அது. ‘பச்சை நூல்’ எனப்பட்ட அது ஏறத்தாழ முப்பதாண்டுகள் வெளிவந்தது. பிற்காலப் பதிப்புகள் அயல்நாடுகளையும் சேர்த்துக்கொண்டன. இந்நூலுக்குத் தேவையே இல்லாத ஒரு நாள் வர வேண்டும் என்று அவரே அதில் எழுதினார். வெள்ளையருக்கென எழுதிய நூல்கள் எத்தனை இருந்தும் அவர் மக்களுக்கு அவை போதவில்லை. அவர்களுக்கான நூலை அவர்களுள் ஒருவரே எழுத வேண்டியிருந்தது.

அத்துணைக் கொடுமை நமக்கு இல்லை. ஆயினும் பாடம் பொருந்தும். நாம் வாங்கும் ஆங்கில வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய, அமெரிக்க, ஐரோப்பியக் கடவுச்சீட்டு உடையவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. விசாவைப் பற்றி அவருக்கு ஒரு வரி போதும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குச் செல்ல விரும்பும் நம் ஊர் இளைஞரோ வங்கிக் கணக்குச் சான்று, தங்குமிட ஏற்பாடு, திரும்பி வருவதற்கான பயணச்சான்று, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை முன்கூட்டியே காட்ட வேண்டும். மனம்போன போக்கில் திரிவதுதான் முதுகுப்பைப் பயணம் என்று நூலின் முதல் அதிகாரம் சொல்லும். நமக்கு அந்தத் திரிதலையும் திட்டமிட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. இதை எப்படிச் செய்வது என்று சொல்லும் நூல் நம்மிடமிருந்துதான் வர வேண்டும்.

உணவையும் எண்ணிப் பாருங்கள். தாய்லாந்தில் சிவப்பு எழுத்துடன் மஞ்சள் கொடி தொங்கும் கடையில் ‘ஜே’ எனப்படும் மரக்கறி உணவு கிடைக்கும். வியட்நாமில் ‘சாய்’ என்ற சொல்லைத் தேட வேண்டும். புலால் உண்ணாத தமிழ்க் குடும்பத்திற்கு இவ்விரு சொற்களும் பத்துப் பக்க வருணனையைவிடப் பெரிது. பாங்காக்கின் சீலோம் சாலையிலும் ஹோ சி மின் நகரிலும் நம் மக்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் உள்ளன. அயலவர் நூலில் அவை விந்தைக் காட்சிகள். நம் நூலிலோ, நமக்கு முன்னே அவ்வழி நடந்தவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்களாக அவை இடம்பெறும்.

தமிழில் பயண இலக்கியத்திற்குப் பஞ்சமில்லை. ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றி எழுதினார். சோமலெ வெளிநாடுகளைப் பற்றி எழுதியதோடு தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் தகவல் நிறைந்த நூல்கள் தந்தார். அவர்களுக்குப் பின் வந்த பயணக் கட்டுரைகளுள் பல, ‘நான் கண்டேன், நான் வியந்தேன்’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. படித்து முடித்தபின் எழுதியவரின் வியப்பு நமக்குத் தெரியும். அங்கே எப்படிச் செல்வது என்பது தெரியாது. பரிசில் பெற்றவன் தன் பரிசிலை மட்டும் வருணித்துவிட்டு வழியைச் சொல்லாமல் போனால் அது ஆற்றுப்படை ஆகுமா?

ஆகவே, இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் உறுப்பினர் பலரின் மக்கள் படிப்பிற்காகவும் பணிக்காகவும் வெளிநாடு செல்கிறார்கள். நம்மில் சிலரும் சென்று வருகிறோம். சென்று வரும் ஒவ்வொருவரும் பத்துப் பக்கமேனும் எழுதித் தாருங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம் சென்றீர்கள் என்பதைத் தவறாமல் குறியுங்கள். தங்கிய இடம், உண்ட உணவு, கொடுத்த கட்டணம், விசாவிற்குக் காட்டிய தாள்கள், பெண் ஒருத்தி தனியே செல்லத்தக்க நேரம், செல்லக் கூடாத நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். நேரில் காணாததை எழுதாதீர்கள். கவிஞர்கள் அங்கே பிறந்த கவிதையையும் தாருங்கள். அதன் பக்கத்திலேயே பேருந்து எண்ணையும் தாருங்கள். பெருங்கௌசிகனார் மலையின் ஓசையைப் பாடிய அதே பாட்டில் வழுக்கும் இடத்தையும் சொன்னார். அதனால் அவர் கவித்துவம் குறைந்துவிடவில்லை.

அப்பக்கங்களை இவ்வட்டம் தொகுத்து, ஆண்டுதோறும் திருத்தி, மலிவு விலையில் வெளியிட வேண்டும். சேமித்த சிறுதொகையோடு முதன்முறை கடல் கடக்கும் ஓர் ஆசிரியைக்கோ நெசவாளியின் மகனுக்கோ அது தாய்மொழியில் வழிசொல்லட்டும்.