ஆபீஸ் படிப்பும் ஒரு படிப்புதான்

(நமது சங்கத்தின் கோடைக்காலக் கூட்டத்தில், பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நடந்த கலந்துரையாடலில், சங்கத்தின் முன்னாள் பொருளாளரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியருமான நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



நம் செயலாளர் போன வாரம் என்னிடம் வந்து, "சார், பிள்ளைகளுக்குப் படிப்பைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள்" என்றார். டாக்டர், இன்ஜினியர், ஆடிட்டர் எல்லாரும் இருக்கிற குடியிருப்பில் என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று யோசித்தேன். "அவர்கள் எல்லாம் மற்ற படிப்புகளைப் பற்றிப் பேசிவிட்டார்கள். ஆபீஸ் நிர்வாகம் பற்றிப் பேச ஆள் இல்லை" என்றார். சரி, 37 வருஷம் அதைத்தானே செய்தோம் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் பி.காம். படித்தவன். 1981-ல் பி.எஸ்.ஆர்.பி. தேர்வு எழுதி வங்கியில் டைப்பிஸ்ட் கம் கிளார்க்காகச் சேர்ந்தேன். 2018-ல் கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு எழுதி அதற்கான இன்கிரிமென்ட்டும் வாங்கினேன். ஆனால் பதவி உயர்வு வந்தால் வெளியூர் போக வேண்டுமே என்று வேண்டாம் என்றுவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். உண்மையில் உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சம் என்ன செய்தது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

என் தங்கை விழுப்புரத்தில் இருக்கிறாள். அவள் கணவருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. அவர்களுடைய பெண் 2016-ல் பிளஸ் டூ முடித்தாள். விடுமுறையில் அப்பாவோடு ஆபீஸுக்குப் போய், மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்த பழைய லாரி ரசீதுகளை எல்லாம் தேதிவாரியாக, ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறாள். எந்த ரசீதைக் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பாளாம். முதலாளியே கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்.

அந்த உற்சாகத்தில் எனக்குப் போன் செய்தாள். "மாமா, எனக்கு இந்த வேலைதான் பிடிச்சிருக்கு. ஆபீஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ இருக்காம். அதுல சேரட்டுமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குமாஸ்தா வேலை பார்க்கவா உன்னைப் படிக்க வெச்சோம்? நான் பட்டது போதும். ஒழுங்கா இன்ஜினியரிங் சேர்" என்றேன். தங்கையிடமும் அதையே சொன்னேன். குடும்பத்தில் வங்கி வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, கல்விக் கடனுக்கும் நானே உடன் நின்று ஏற்பாடு செய்தேன்.

மூன்றாவது வருஷத்தில் ஒன்பது அரியரோடு படிப்பை விட்டுவிட்டாள். அதுவரை வாங்கிய கடன் இரண்டு லட்சத்துக்கு மேல். என் தங்கை எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் ஒரு வார்த்தை கூட என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வங்கிக்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை என்பதால் பலர் யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். படிப்பை நடுவில் விட்டாலும் கடன் விடாது. பிள்ளைக்குப் பிடிக்காத படிப்புக்குக் கடன் வாங்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஆபீஸ் படிப்புக்கு வருகிறேன். நம் ஊரில் இதற்கு என்னென்ன வழி இருக்கிறது?

முதலாவது, பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரக்கூடிய மூன்றாண்டு டிப்ளமோ. 'மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ்' என்று பெயர். பாலிடெக்னிக் என்றால் மெக்கானிக்கல், சிவில் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

இரண்டாவது, மேல்நிலைப் பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவில் 'அலுவலக மேலாண்மையும் செயலியலும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்கிற ஓராண்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பயிற்சி இருக்கிறது.

மூன்றாவது, நமக்கெல்லாம் தெரிந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஆற்காடு ரோட்டில் நடந்தால் ஒரு காலத்தில் மாடிக்கு மாடி டக் டக் என்று சத்தம் கேட்கும். இன்றைக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இரண்டு முறை அரசுத் தேர்வு நடத்துகிறது. ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. சுருக்கெழுத்தில் ஜூனியருக்கு 80, சீனியருக்கு 120. இதோடு 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்கிற சி.ஓ.ஏ. கம்ப்யூட்டர் சான்றிதழ். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்போடு இந்தச் சான்றிதழ்கள்தான் தகுதி. டிகிரி வைத்துக்கொண்டு டைப்பிங் இல்லாமல் தவிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஆறு மாத, ஓராண்டு டிப்ளமோக்கள். இங்கேதான் கவனம் வேண்டும். 'டிப்ளமோ' என்ற வார்த்தையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேளுங்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு வாரியமா, பல்கலைக்கழகமா, இல்லை அந்த நிறுவனமேவா? தொலைநிலைக் கல்வி என்றால் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் அனுமதி அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் சான்றிதழே ஆனாலும் கற்றுக்கொள்கிற வேலை பயன்படலாம். ஆனால் அரசு வேலைக்குச் செல்லாது என்பது தெரிந்து சேர வேண்டும்.

சரி, இதில் அப்படி என்ன படிக்க இருக்கிறது? கடிதம் எழுதுவதும் ஃபைல் கட்டுவதும் ஒரு படிப்பா என்று நானே கேட்டவன்தான். அதனால் பதிலும் நானே சொல்கிறேன்.

நம் வடபழனிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம். இங்கே ஸ்டுடியோக்களைப் பார்த்தே வளர்ந்தோம். 'கால்ஷீட்' என்கிறோமே, அது என்ன? யார், எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும், என்னென்ன பொருள் தயாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஓர் ஆபீஸ் காகிதம். அதில் ஒரு வரி தப்பாகப் போனால் நூறு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நடிகர் பெயர் போஸ்டரில் வரும். கால்ஷீட் எழுதினவர் பெயர் எங்கேயும் வராது. ஆனால் அவர் இல்லாமல் படம் இல்லை.

இன்னோர் உதாரணம். நம் மாவட்ட அலுவலகங்களில் கோப்புகளைப் பராமரிக்கிற முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். டாட்டன்ஹாம் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்தது. ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஒரு குறி போடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும். கே.டிஸ். என்றால் மூன்று வருஷம். டி.டிஸ். என்றால் பத்து வருஷம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். எந்தக் காகிதத்தை எவ்வளவு காலம் காப்பாற்ற வேண்டும், எதைக் கழிக்கலாம் என்பதை முடிவு செய்வது எவ்வளவு பெரிய விஷயம்! தாத்தா காலத்து நில ஆவணம் இன்றைக்கு ஒருவர் கைக்குக் கிடைக்கிறது என்றால், யாரோ ஒரு குமாஸ்தா அன்றைக்குச் சரியான குறி போட்டதால்தான்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இப்போது ஏ.ஐ. வேறு வந்துவிட்டது, இனி இந்த வேலை இருக்குமா என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். 1983-ல் வங்கிகளில் இயந்திரங்களைக் கொண்டு வருவது பற்றித் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் வந்தது. 1984-ல் ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. பிறகு கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது எங்கள் வேலை போய்விடும் என்று பயந்தோம். பயம் முழுக்கப் பொய் இல்லை. டைப்பிஸ்ட் என்கிற பதவியே மெல்ல மறைந்தது. ஆனால் டைப் அடிக்க மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறினார்கள். எதற்காக அடிக்கிறோம் என்று தெரிந்தவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ஏ.ஐ. கடிதம் எழுதித் தரும். அந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும், என்றைக்குள் போக வேண்டும், பதில் வராவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பதை ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்புதான் படிப்பு. இருந்தாலும், எக்செல்லும் டேலியும் தெரியாமல் இந்தத் துறைக்கு வராதீர்கள்.

இப்போது என் தங்கை மகள் கதைக்குத் திரும்புகிறேன்.

2019-ல் ஓராண்டு ஆபீஸ் நிர்வாக டிப்ளமோ ஒன்றில் அவளாகவே சேர்ந்தாள். இந்தத் தடவை யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். காலையில் ஆறரை மணிக்கு டைப்ரைட்டிங் கிளாஸ், பிறகு டிப்ளமோ வகுப்பு. நடுவில் கொரோனா வந்து எல்லாம் தள்ளிப்போனது. ஆனாலும் இங்கிலீஷ் சீனியர், தமிழ் ஜூனியர், சி.ஓ.ஏ. எல்லாம் முடித்தாள். 2021-ல் கோடம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் உதவியாளராகச் சேர்ந்தாள்.

அந்தச் சமயத்தில் நான் நம் சங்கத்துக்குப் பொருளாளர். உங்களில் சிலருக்கு அந்த ஒன்பது நாள் ஞாபகம் இருக்கும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து போனதைக் கவனிக்கத் தவறினேன். லிஃப்ட் நின்றுவிட்டது. ஒப்பந்தம் இல்லாததால் ஆள் வரவில்லை. மூன்றாவது மாடியில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா ஒன்பது நாள் கீழே இறங்க முடியவில்லை. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. "வயசாயிடுச்சு சார், விடுங்க" என்றார்கள். 37 வருஷ ஆபீஸ் அனுபவம் என்று மார்தட்டியவனுக்கு அது போதாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சங்கத்து பீரோவைத் திறந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாக் காகிதத்தையும் பிரித்தாள். ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டுத் தேதி எழுதினாள். லிஃப்ட் ஒப்பந்தம், தீயணைப்பு சிலிண்டர் நிரப்புவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, ஜெனரேட்டர் சர்வீஸ், ஆண்டுக் கணக்கைச் சங்கப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது எல்லாம் அதில் வந்தன. ஏப்ரலிலும் அக்டோபரிலும் சொத்துவரியை முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்று அறிவிப்புப் பலகையில் போடுகிறோமே, அதுவும் அந்த நோட்டில் இருந்து வந்ததுதான்.

"நான் வங்கியில எத்தனை வருஷம் இதைச் செஞ்சேன், இங்க ஏன் தோணல?" என்று கேட்டேன். அவள், "அங்க உங்களுக்கு முன்னாடி யாரோ நோட்டு போட்டு வெச்சிருந்தாங்க மாமா. நீங்க அதைப் பார்த்துச் செஞ்சீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இருக்கிற ஒழுங்கைக் காப்பாற்றுவது வேறு. இல்லாத இடத்தில் ஒழுங்கை உண்டாக்குவது வேறு. முதலாவதை அனுபவத்தில் கற்றேன். இரண்டாவதை அவள் படித்துக் கற்றிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் அந்த ஆபீஸில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறாள். தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறாள். கல்விக் கடன் இன்னும் முடியவில்லை. பதினோரு தவணை பாக்கி. பாதியை நான் கட்டுகிறேன். அது உதவி இல்லை, என் கணக்கில் உள்ள பாக்கி. இதையெல்லாம் இங்கே சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். "சொல்லுங்க மாமா, ஆனா இன்ஜினியரிங் மோசம்னு சொல்லிடாதீங்க. எனக்கு அது சரிப்படல, அவ்வளவுதான்" என்றாள். அதையும் சொல்லிவிட்டேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால், "அதுக்கு என்ன மரியாதை இருக்கு?" என்று உடனே கேட்காதீர்கள். "அதுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று முதலில் கேளுங்கள். நான் அந்தப் போனில் அதைக் கேட்டிருந்தால், லாரி ரசீதுகளைப் பற்றி அவள் அரை மணி நேரம் பேசியிருப்பாள். எனக்கும் புரிந்திருக்கும்.

மாணவர்களுக்கு ஒன்று. இந்தப் படிப்பில் சேர விருப்பம் இருந்தால் வாருங்கள். என்னிடம் பழைய ரெமிங்டன் மெஷின் ஒன்று இருக்கிறது. ரிப்பன் மாற்றி வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் ஏழிலிருந்து எட்டு வரை சங்க அறையில் விரல் பழகலாம். கட்டணம் இல்லை. நோட்டுப் புத்தகத்தையும் காட்டுகிறேன்.