பாரிசவாதமும் வீட்டுக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாரிசவாதம் என்றதும் நம்மவர் முதலிற் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்பதே. நம் நாட்டு அரசாங்க ஆசுபத்திரிகளில் 1951ஆம் ஆண்டிலே கட்டணம் நீக்கப்பட்டது. கட்டிலுக்கும் வைத்தியருக்கும் நாம் பணம் கட்டுவதில்லை. இது நாம் பெற்ற பெரும் பேறு. ஆனால், செலவு அங்கே முடிந்துவிடுகின்றதா?

மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்கான் எடுத்து, இரத்தக் கசிவு இல்லையென உறுதி செய்ய வேண்டும். காட்டோரக் குடியிருப்பிலிருந்து புளியங்குளத்துக்கும், இங்கிருந்து வவுனியாவுக்கும் போகும் நேரம் இந்தக் கணக்கிலே சேரும். வாகனம் பிடிக்கக் காசு தேடி நிற்பதாற் கழியும் நேரம் பெரும் நட்டம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 முதல் இச்சேவை வடமாகாணத்திலும் உண்டு.

அடுத்தது வீடு திரும்பிய பின் வரும் செலவு. கைகால் வழங்காதவருக்கு மாதக்கணக்கில் இயன்மருத்துவம் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓட்டோக் கூலி, துணைக்குப் போகும் மகனுக்கு அன்றைய உழைப்பில்லை, வயல் தரிசாகின்றது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மருந்தையும் வெளியே வாங்க நேர்ந்தது.

காப்புறுதி இருந்தால் தீருமே என்பர் சிலர். இந்தியாவில் 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரை ஆசுபத்திரிச் செலவை ஏற்கின்றது. நல்ல திட்டமே. ஆயினும், ஆசுபத்திரியை விட்டு வந்த பின் அது பொறுப்பேற்பது 15 நாட்களுக்கே. பாரிசவாதமோ 15 நாளில் விட்டுப்போகும் நோயன்று.

ஆகவே, இலவச வைத்தியமாயினும் காப்புறுதியாயினும் பெரும்பாலும் கட்டிலோடு நின்றுவிடுகின்றது. எஞ்சிய பாரத்தைச் சுமக்க அயலாரும் சங்கமும் முன்வர வேண்டும். கோயில் திருவிழாவுக்கு உபயம் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த நமக்கு இது புதிதன்று. நோயாளியை இயன்மருத்துவத்துக்கு அழைத்துச் செல்லும் பணியைக் கிழமைக்கு ஒருவராக வாலிபர்கள் ஏற்கலாம். ஓட்டோக் கூலிக்கெனச் சங்கம் ஒரு சிறு நிதி வைக்கலாம்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்நோய்க்குத் தலையாய காரணம் இரத்த அழுத்தம். அரசாங்க ஆசுபத்திரியில் அதை அளக்கக் காசு வேண்டியதில்லை. "எனக்கு ஒரு வருத்தமுமில்லை" என்று மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் விடியும்வரை பொறுத்திராதீர்கள். எண்ணெய் பூசிப் பார்க்காதீர்கள்.

அந்த நாலரை மணி நேரத்தை வீணாக்காமலும், பின் வரும் மாதங்களில் எந்தக் குடும்பத்தையும் தனியே விடாமலும் காப்போமாக எனக் கூறி அமைகின்றேன்.