குடும்பத்துடன் சபர்: லெஸ்டர் நகரை முன்வைத்துச் சில செய்திகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளி இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவுக்குச் சபர் புதிதன்று. நம் பாட்டனார்கள் பர்மாவுக்கும் பினாங்கிற்கும் சென்றார்கள். நம் தகப்பனார்கள் துபாய்க்கும் ஜித்தாவுக்கும் சென்றார்கள். ஆனால் அந்தச் சபர்களில் ஆண் மட்டுமே போனார். வீடு இங்கேயே இருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வாப்பா வருவார், பெட்டி திறக்கப்படும், மீண்டும் போவார். இப்போது பிரித்தானியாவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் மனைவி மக்களையும் அழைத்துச் செல்கிறார்கள். வீடே இடம் பெயர்கிறது. இதன் நன்மையும் சுமையும் வேறானவை. இவ்வாண்டு லெஸ்டர் நகருக்குச் செல்ல ஆயத்தமாக இருக்கும் குடும்பத்தார் சிலர் நம்மிடம் ஆலோசனை கேட்டார்கள். 2023 டிசம்பரில் நாம் குடும்பத்துடன் நான்கு வாரங்கள் அந்நகரில் தங்கியிருந்தமையால், கண்டவற்றையும் விசாரித்து அறிந்தவற்றையும் சபையில் வைக்கிறோம்.

முதலில் பணத்தின் கணக்கு. விசாக் கட்டணத்துடன் சுகாதாரக் கட்டணம் என ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டபடி, பெரியவருக்கு ஆண்டொன்றுக்கு 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், மூன்றாண்டு விசா என்றால் 10,866 பவுண்டு. நம் பணத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டும். மருத்துவர், செவிலியர் முதலியோருக்கான சுகாதாரப் பணி விசாவில் இக்கட்டணம் இல்லை. ஏஜெண்டு இதைச் சொல்லாமல் விட்டால் நகையை அடகு வைக்கும்போதுதான் தெரிய வருகிறது.

விதிகளும் மாறியுள்ளன. முதுகலைப் பாடம் படிக்கச் செல்வோர் 2024 ஜனவரி முதல் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. ஆராய்ச்சிப் படிப்பினருக்கே அந்த அனுமதி. முதியோர் பராமரிப்புப் பணிக்குச் செல்வோருக்கு 2024 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அப்பணிக்குப் புதிதாக ஆளெடுக்கும் வழியே மூடப்பட்டது. "கேர் விசாவில் குடும்பத்தோடு போகலாம், இத்தனை இலட்சம் கொடுங்கள்" என்று எவரேனும் வந்தால், அவர் இல்லாத கதவை விற்கிறார். ஸ்பான்சர்ஷிப் சான்று என்பது உரிமம் பெற்ற முதலாளி வேலையாளுக்கு வழங்குவது. விலைக்கு விற்கும் சரக்கன்று. உரிமம் பெற்றோரின் பட்டியலை அந்நாட்டு அரசே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. மஹல்லா வாலிபர்கள் பெரியவர்களுக்கு அதைப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாகும்.

இனி நகரத்தைப் பற்றி. லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். 1972 ஆகஸ்டில் இடி அமீன், உகாண்டாவில் இருந்த ஆசிய மக்களைத் தொண்ணூறு நாட்களில் வெளியேற உத்தரவிட்டார். செப்டம்பரில் லெஸ்டர் நகர மன்றம் 'உகாண்டா ஆர்கஸ்' நாளேட்டில் விளம்பரமே கொடுத்தது: வீடும் பள்ளிகளும் நிரம்பிவிட்டன, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்பது அதன் கருத்து. மக்கள் வந்தார்கள். தொழிற்சாலைகளில் உழைத்தார்கள், கடை வைத்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நகரில் ஆசியர் நூற்றுக்கு 43 பேர்; முஸ்லிம்கள் நூற்றுக்கு 23 பேருக்கும் மேல். வர வேண்டாமென்ற ஊர் இன்று அவர்களின் ஊர்.

அதனால் ஹலால் இறைச்சிக்கும் கறிவேப்பிலைக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் குஜராத்தி மரபினர். பயான் உருதுவிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். தமிழ் காதில் விழுவது அரிது. பெரும்பாலான பள்ளிகளில் அஸர் ஹனஃபி நேரப்படி. நம் ஷாஃபிஈ சகோதரர்கள் ஆரம்பத்தில் திகைப்பார்கள். பெண்களுக்குச் சில பள்ளிகளில் இடமுண்டு, சிலவற்றில் இல்லை. போகும் முன்பே கேட்டறிவது நலம்.

நேரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். டிசம்பர் இறுதியில் அங்கே சூரியன் உதிப்பது காலை 8.15 அளவில், மறைவது மாலை நான்குக்குச் சற்று முன். ளுஹரும் அஸரும் மஃரிபும் நான்கு மணி நேரத்திற்குள் அடுக்கி வந்துவிடும். வேலைக்குச் செல்வோர் இடைவேளையைப் பற்றி மேலாளரிடம் முதல் வாரத்திலேயே பேசிக் கொள்ள வேண்டும். ஜூனில் நிலைமை நேர்மாறு. சூரியன் மறைவதே இரவு 9.30க்கு. நள்ளிரவிலும் அந்திவெளிச்சம் முழுமையாக நீங்காத வாரங்கள் உண்டு. ஆகவே இஷா, ஸஹர் நேரங்களை உலமாக்கள் வெவ்வேறு முறைகளில் கணக்கிடுகிறார்கள். இரு பள்ளிகளின் அட்டவணை வேறுபட்டால் குழம்ப வேண்டாம். வீட்டருகே உள்ள ஒரு பள்ளியின் அட்டவணையைப் பின்பற்றுங்கள். இப்போது ரமளான் குளிர்காலத்தை நோக்கி நகர்வதால் நோன்பின் நீளம் குறைந்து வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை ரமளான் பிறக்கும்.

அந்த டிசம்பர் இருட்டை ஆண்கள் அவ்வளவாக உணர்வதில்லை. அவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த பெண், பக்கத்து வீட்டார் பெயரும் தெரியாத தெருவில், ஜன்னலைக்கூடத் திறக்க முடியாத குளிரில் தனித்திருக்கிறாள். அங்கே நாம் சந்தித்த நம் பகுதிப் பெண்மணி ஒருவர் நம் வீட்டாரிடம், "பாங்கு சப்தம் கேட்டு மூன்று மாசம் ஆச்சும்மா" என்று கூறி அழுதார். கணவன்மார்களே, உம்மாவுக்குப் பணம் அனுப்புவதைப் போலவே இதுவும் உங்கள் பொறுப்பு. மனைவியை ஆங்கில வகுப்பில் சேருங்கள். நூலகத்தையும் பூங்காவையும் பேருந்துத் தடத்தையும் காட்டிக் கொடுங்கள். அவர் பெயரிலும் வங்கிக் கணக்கு இருக்கட்டும்.

மருத்துவத்திற்கு, வீட்டருகே உள்ள ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் சென்ற உடனே பதிவு செய்ய வேண்டும். காய்ச்சல் வந்த பின் அன்று. உயிருக்கு ஆபத்தென்றால் 999, மற்ற அவசர ஆலோசனைக்கு 111. பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஆங்கிலம் பேசிவிடுவார்கள்; தாயின் நோயை மருத்துவரிடம் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும் நிலை வந்துவிடும். தாய் கூச்சத்தால் பாதியை மறைப்பார். பிள்ளை தன் வயதுக்கு மீறியதைச் சுமக்கும். மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையே கட்டணமின்றி ஏற்பாடு செய்யும். கேட்டுப் பெறுங்கள்.

வீடு விஷயத்தில் முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் செலுத்த வேண்டும். சுவரில் பூஞ்சணம் உண்டா என்று பார்த்தே குடியேறுங்கள். ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஸ்ஹாக், குடியிருப்பில் படர்ந்த பூஞ்சணத்தால் மூச்சு நோயுற்று இறந்தது. பெற்றோர் முறையிட்டும் சரி செய்யப்படவில்லை. அப்பிள்ளையின் பெயராலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபரில் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்தது. ஈரத் துணியை அறைக்குள் உலர்த்தி, ஜன்னலை அடைத்துச் சமைத்தால் எந்த வீட்டிலும் ஈரம் ஏறும். அதையும் கவனிக்க வேண்டும்.

நம்மவருக்கே உரிய இன்னொரு தொல்லை, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான். அங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்றிருந்தால் ஒரே குடும்பமா என்ற கேள்வி வரும். நிக்காஹ் சான்றின் ஆங்கிலப் படியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் கைவசம் இருக்கட்டும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எங்கும் ஒரே எழுத்தில் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக்கூடத்தில் கட்டணமில்லை. நகர மன்றத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் இல்லையெனில் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு பள்ளிக்கூடங்களில் சேர நேரலாம். அவர்களுடன் படிப்போரில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். 2022 ஆகஸ்டில் இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் போட்டிக்குப் பின் எழுந்த பதற்றம் செப்டம்பரில் லெஸ்டர் தெருக்களில் கலவரமாக முற்றியது. கைப்பேசியில் பறந்த பொய்ச் செய்திகளைக் காவல்துறை மறுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு குஜராத்தி இந்து அம்மையார்தான் உங்கள் மகளைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து அழைத்து வரப் போகிறவர். இங்குள்ள வம்புகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அந்நகரில் மாலை நேர மக்தபுகள் ஏராளம். ஆயினும் நம் பிள்ளை எந்தப் பாடத்தில் நின்றது என்று தெரியாமல் அலிஃப், பாவிலிருந்து மீண்டும் உட்கார வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஓதுவதில் சலிப்பு ஏற்படுகிறது. ஆகவே செல்லும் குடும்பத்தார் புறப்படும் முன் உஸ்தாதிடம், பிள்ளை எந்த ஜுஸ்வு வரை ஓதியிருக்கிறது, எந்தச் சூராக்கள் மனனம் என்பதை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிச் செல்லவும். அதற்கான படிவம் பள்ளி அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அஸருக்குப் பின் வந்து பெற்றுக் கொள்ளலாம்.