காவல் வேலைக்கும் ஆள் குறைக்கும் காலம்

(சின்னசேலத்தில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



மக்காச்சோளமோ மரவள்ளியோ விலை இறங்கினால் நம் கடைத்தெருவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் படித்தவனின் விலை இறங்கினால் அப்படித் தெரிவதில்லை. பையன் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இந்த நிலையில் நம் பிள்ளைகளைப் பார்த்துச் சில பயிற்சி நிலையங்கள் ஆசை காட்டுகின்றன: "தகவல் பாதுகாப்பு படியுங்கள். திருடன் இருக்கும்வரை காவல்காரனுக்கு வேலை உண்டு!"

சகோதரர்களே, இது பாதி உண்மைதான். திருட்டு குறையவில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டு மக்கள் இணைய மோசடிகளில் 22,845 கோடி ரூபாயை இழந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் காவலுக்கான பணம் அதற்கேற்பப் பெருகவில்லை. கம்ப்யூட்டர் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம் 2025 மே மாதம் தன் ஊழியர்களில் 5 சதவீதம் பேரை, ஏறக்குறைய 500 பேரை, நீக்குவதாக அறிவித்தது. காவல்காரர்களையே வேலைக்கு வைத்திருந்த வீட்டிலும் ஆள்குறைப்பு!

இதன் காரணம் இங்கே அமர்ந்திருக்கும் வணிகர்களுக்கு உடனே விளங்கும். வியாபாரம் மந்தமானால் யாரை முதலில் நிறுத்துகிறீர்கள்? விற்றுக் கொடுக்கும் பையனையா, இரவுக் காவல்காரரையா? விற்பவனின் பலன் கல்லாவில் தெரிகிறது. காவல்காரர் ஒழுங்காக வேலை பார்த்தால் எதுவுமே நடப்பதில்லை. எதுவும் நடக்காததற்கு ஏன் சம்பளம் என்று தோன்றுகிறது.

அப்படியானால் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பவன் யார்? நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் முறைக்குள், அதாவது நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் முறைக்குள், 2018 பிப்ரவரியில் திருடர்கள் புகுந்தார்கள். துபாய், துருக்கி, சீனா என மூன்று பக்கம் சுமார் 20 லட்சம் டாலரை அனுப்பினார்கள். அனுப்பிய விவரத்தை அச்சடிக்கும் பிரிண்டரையும் வேலை செய்யவிடாமல் முடக்கினார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி வங்கியில் கணக்கை ஒத்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. துபாய்க்குப் போன ஐந்து லட்சம் டாலரை வழியிலேயே மறிக்கவும் முடிந்தது.

பிடித்துக் கொடுத்தது எது பாருங்கள்! கணக்கை ஒத்துப் பார்க்கும் பழைய வேலை. இரவில் கல்லாவை எண்ணிச் சிட்டையோடு சரிபார்க்கும் உங்கள் வேலை. 2016இல் வங்கதேச மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் களவு போனபோதும், இலங்கைக்குப் போகவிருந்த இன்னொரு 2 கோடி டாலர் தப்பியதற்குக் காரணம், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப் பிழை ஒருவர் கண்ணில் பட்டதுதான். இளைஞர்களே, கருவியை ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் வருவார்கள். பணம் எந்த வழியாகப் போகிறது, எங்கே கையெழுத்து வேண்டும், எது வழக்கத்துக்கு மாறானது என்று அறிந்தவன் அபூர்வம். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது வீட்டிலேயே கிடைக்கும் கல்வி. அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று, சட்டம் கட்டாயப்படுத்தும் வேலையைத் தேடுங்கள். செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு 2022 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. கம்ப்யூட்டரில் ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் காத்து வைக்க வேண்டும். ஆறு மணி நேரம் என்றால் நடுராத்திரியிலும் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும் அல்லவா? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 250 கோடி ரூபாய் வரை அபராதம் பேசுகிறது. இந்த வேலைகளை முதலாளி அவ்வளவு எளிதில் வெட்டிவிட முடியாது. ஆனால் ஆரம்ப வேலை சலிப்பூட்டும்: இரவு ஷிப்ட், திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை, அவற்றில் பெரும்பாலானவை வெறும் புகை. அந்த முதல் சல்லடையை இப்போது இயந்திர அறிவே செய்யத் தொடங்கிவிட்டது. ஆகவே ஓரிரு ஆண்டுக்கு மேல் அந்த நாற்காலியிலேயே தங்கிவிடாதீர்கள்.

நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் கட்டவும் வேண்டாம். லினக்ஸ் இலவசம். நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிரித்துப் பார்க்கும் வயர்ஷார்க்கும் இலவசம். இரண்டையும் ஆறு மாதம் ஒழுங்காகப் பழகிவிட்டுப் பிறகு சான்றிதழைப் பற்றி யோசியுங்கள். "நூறு சதவீதம் வேலை" என்று நோட்டீஸ் ஒட்டுபவரிடம் அதை முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

வேலையில்லாக் காலத்தின் பெரிய ஆபத்து வேறொன்று. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். வளைகுடா போய்ப் பழகிய சமுதாயம் நாம். ஏஜென்ட் சொன்னால் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுகிறோம். ஏஜென்ட் அரசின் இ-மைக்ரேட் பதிவில் இருக்கிறாரா என்று பார்க்காமல், சுற்றுலா விசாவில் எவரும் வேலைக்குக் கிளம்ப வேண்டாம்.

வணிகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரின் போன் நம்பரும் கடன் பாக்கியும் உங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கும் அமானிதம். படித்துவிட்டுச் சும்மா இருக்கும் நம் பையன் ஒருவனுக்குச் சம்பளம் பேசி, மாதம் இரண்டு நாள் கூப்பிடுங்கள். டேலி கணக்கைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, பூட்டி வைக்கட்டும். பில் போடும் மெஷினில் படம் பார்ப்பதை நிறுத்தட்டும். க்யூ.ஆர். அட்டைமேல் வேறு அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டட்டும். நகல் எடுத்த கணக்கு திரும்பத் திறக்கிறதா என்று உங்கள் கண்முன்னே ஒருமுறை திறந்து காட்டச் சொல்லிவிட்டுச் சம்பளத்தைக் கொடுங்கள்.