காயப்பட்டவரின் பெயர் எந்தப் பதிவேட்டில்?



பாலாவிக் கரையில், பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்த மண்ணில் இக்கருத்தரங்குக்காகக் கூடியிருக்கிறோம். மீன்பிடியை நம்பிய கரைக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் ஆலைகள் பலவற்றைக் குளிரவைப்பது அமோனியா. அது அழுத்தத்தில் அடைபட்டிருப்பது. வால்வு ஒன்று பிய்த்துக்கொண்டால் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிவிடும். மூடிய அறையில் காற்றோடு 15 முதல் 28 வீதம்வரை கலந்திருக்கையில் ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும்.

அப்படிக் காயப்படுபவருக்கு இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் துணைநிற்கிறது. முதலாளி தவறிழைத்தார் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். 2022இல் வந்த திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது.

ஆனால் அவர் ஆலையில் வேலை செய்தவர் என்பதற்கே சான்று இல்லையென்றால்? 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் தமிழ்நாட்டின் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. ஜூலை 1 அன்றே ஆறு பேர் மாண்டனர். தீக்காயங்களோடு சென்றவர்களும் மருத்துவமனையில் அடுத்தடுத்து இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். ஒப்பந்தகாரரின் ஆளுக்கும் நிறுவனமே நட்டஈடு தரவேண்டும் என்று அப்போது நடைமுறையிலிருந்த இந்தியாவின் 1923ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் சொன்னது. நாட்கூலிக்குப் போகிறவரின் பெயரோ பெரும்பாலும் மேஸ்திரியின் கொப்பியோடு நின்றுவிடுகிறது.

2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லபிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தொட்டியில் ஐவர் இறந்தனர். தொட்டிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற அயலவர்களும் ஓடினார்கள். அப்படி ஓடியவர் ‘வேலையாள்’ அல்லர். 1934ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காணாது. டெல்லியில் 1985இல் நேர்ந்த ஓலியம் வாயுக்கசிவு வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துவோர் பாதிக்கப்பட்ட எவருக்கும் விதிவிலக்கின்றிப் பொறுப்பு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. அந்தக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்திலும் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விபத்துக்கான சான்றைப் பொறுத்தவரை, நம் நாட்டின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, உயிரிழப்பையும், மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாமற் செய்யும் காயத்தையும் முதலாளி உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதமே பின்னாளில் வழக்கின் முதற் சான்று. அது எழுதப்படாவிட்டால் உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

கட்டுரை வாசிக்கப்போகும் அறிஞர்களிடம் நான் கேட்பவை மூன்று: நாட்கூலியாளர் அனைவரும் ஆலையின் பதிவேட்டிலேயே இடம்பெற வழி சொல்லுங்கள், விபத்து அறிவித்தலின் பிரதி ஒன்று காயப்பட்டவரின் குடும்பத்துக்கும் தமிழில் கிடைக்கச் செய்யும் விதியை வரையுங்கள், காப்பாற்றப் போனவரையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். இம்மூன்றையும் தீர்மானங்களாக்கித் தொழில் திணைக்களத்திடம் கையளிப்போம் என்ற உறுதியோடு கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.