மூட்டுவலியும் மாற்று மருத்துவமும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



நம் சமயச் சான்றோர் இருவர் தாம் இயற்றிய அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். கணிமேதாவியாரின் ஏலாதியும் காரியாசானின் சிறுபஞ்சமூலமும் அவை. ஏலாதி என்றால் ஏலம் முதலாகச் சுக்கு ஈறாக ஆறு சரக்குகள். சிறுபஞ்சமூலம் என்றால் ஐந்து சிறு வேர்கள். பெயரைக் கேட்ட அளவிலேயே உள்ளே இருப்பது இன்னதென்று விளங்கிற்று. இன்று மூட்டுவலிக்கென்று நம் இல்லங்களுக்குள் வரும் பொடிகளுக்கும் குளிகைகளுக்கும் அந்தத் தெளிவு இல்லை. இத்தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

அக்குபங்சர் எனும் குத்தூசி மருத்துவத்தின்மீது நம்மவர்க்குத் தனி ஈர்ப்பு உண்டு. வாய்வழியாக எதுவும் உட்செல்வதில்லை. தேனில் குழைக்க வேண்டியதில்லை. பிற உயிரின் உடற்பகுதி கலந்திருக்குமோ என்ற ஐயமில்லை. பொழுது சாய்ந்தபின் விழுங்க வேண்டிய மாத்திரையும் இல்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்ற என் முழங்கால்களில் தேய்மானம் என்று மருத்துவர் கூறியபின், நானும் வாரம் இருமுறையாக ஆறு வாரங்கள் ஊசி ஏற்றுக்கொண்டேன். மயிரிழை போன்ற ஊசி. எறும்பு கடித்தாற்போன்ற உணர்வு, அவ்வளவே. நான்காம் வாரத்தில் படியிறங்கும்போது வலி குறைந்திருந்தது. சிகிச்சை முடிந்து மூன்று திங்களுக்குள் அதில் பெரும்பகுதி மீண்டும் வந்துவிட்டது. அதே வாரங்களில் தொடைத்தசைப் பயிற்சியும் செய்துவந்தேன் ஆதலின், பயன் எதனால் விளைந்தது என்று பிரித்துரைக்க இயலாது.

ஆய்வாளர்களும் ஏறத்தாழ இதே நிலையில்தான் நிற்கின்றனர். 1971இல் ஜேம்ஸ் ரெஸ்டன் எனும் அமெரிக்க இதழாளர், சீனத்தில் தமக்குக் குடல்வால் அறுவை நடந்தபின் ஊசியால் வயிற்று உபாதை தணிந்ததை எழுதினார். மேலைநாட்டார் கவனம் இதன்பால் திரும்பியது. 2004இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானமுடைய 570 பேரிடம் நடந்த ஆய்வில், போலி ஊசியைக் காட்டிலும் உண்மை ஊசி ஓரளவு மிகுதியாக உதவிற்று. 2006இல் ஜெர்மனியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்விலோ, உரிய புள்ளிகளில் குத்தினும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினும், ஒத்த பயனே கிட்டியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட இரு சாராரும் நலமாக இருந்தனர். ஆகவே அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு 2019இல் இதனை நிபந்தனையோடு ஏற்றது. பிரித்தானிய அரசின் மருத்துவ வழிகாட்டி 2022இல் வேண்டாம் என்றது. என் துணிபு இது: தேய்மான வலிக்குப் பயிற்சியோடும் எடைக் குறைப்போடும் ஊசி துணையாக வரலாம். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி பயன்படுத்தப்படுவதைக் கண்ணால் காணுங்கள். குருதி உறையாமைக்கு மருந்துண்போர் அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் மூட்டுவலி யாவும் தேய்மானம் அன்று. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலையில் எழுந்ததும் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தாலோ, இரு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒருங்கே வீங்கினாலோ, அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் காப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் அது. என் சிற்றன்னையின் மகளுக்கு அந்நோய். வாரம் ஒருமுறை உண்ணும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையால் ஈராண்டுகள் நலமாக இருந்தார். நாடி பார்த்து விரலால் தொட்டே குணமாக்குவதாகச் சொன்ன ஒருவர், எல்லா மாத்திரைகளையும் குப்பையில் போடுங்கள் என்றார். மருந்தில்லா மருத்துவம் என்ற சொல் தங்கைக்கு இனித்தது. ஓராண்டு கழிந்தபோது விரல்கள் சுண்டுவிரற்பக்கம் சாய்ந்துவிட்டன. மருந்தை மீண்டும் தொடங்கிய பின்னர் வீக்கம் வடிந்தது. சாய்ந்த விரல்கள் நேராகவில்லை. இன்று ஆலயத்தில் அட்சதையைக் கைநிறைய அள்ளி இட அவரால் இயலவில்லை. தேய்ந்த முழங்காலுக்கு ஊசியைத் துணை கொள்வது வேறு. முடக்குவாதத்திற்கு மருந்தை விடுத்து ஊசியை மட்டும் நம்புவது வேறு. முதலில் நோய் இன்னதெனக் குருதிச் சோதனையாலும் உரிய மருத்துவராலும் அறிந்துகொள்ளுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனவே ருமட்டாலஜி துறை இருக்கிறது.

இனி, வாய்வழி உட்கொள்வன. மூட்டுக்கு வலுவூட்டும் எனப்படும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. கொலாஜன், மாடு, மீன் முதலியவற்றின் தோல், எலும்பிலிருந்து வருவது. பல மருந்துகளின் மேற்கூடான ஜெலட்டினும் அவ்வகையினதே. குளுக்கோசமைனுக்காக மனம் வருந்தவும் வேண்டியதில்லை. 2006இல் 1583 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. சித்த மருத்துவரிடம் செல்வோர், தேனுக்கு மாற்றாக வெந்நீரோ வேறு துணைமருந்தோ தருமாறு கேட்கலாம். நல்ல மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார்.

பெயரில்லாப் பொட்டலங்களில் வரும் பொடிகளுக்கு மட்டும் அஞ்சுங்கள். இரண்டே நாளில் வலி பறந்தது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் ஊதுவதும் சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளங்கள். நெடுநாள் உண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

நோன்பிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். வலிமாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் இரைப்பை புண்ணாகும். நீரும் பருகாத நாளில் சிறுநீரகமும் கெடும். நாம் பொழுது சாயுமுன் உண்பவர்கள், இன்னின்ன நாள் நோன்பு என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மருந்தின் வேளையை அவர் அதற்கேற்ப அமைத்துத் தருவார். நாமாகவே மாற்றிக்கொள்ளலாகாது.

பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் செல்வோர்க்கு ஒன்று கூறி அமைகிறேன். ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் வையுங்கள். கைத்தடியை வலியுள்ள காலின் பக்கம் பிடிப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் மூட்டின் சுமை குறையும்.