இணையம் இல்லாமலும் பகிரலாம்



பென்டிரைவை ஒவ்வொரு கணினியாகச் செருகியதில் வைரஸ் புகுந்து, ஓராண்டாக நான் தயாரித்த பாடக்கோப்புகள் போயின. எங்கள் பள்ளியில் இணையமும் நிச்சயமில்லை.

வீட்டில் சும்மா கிடந்த வைஃபை ரூட்டரில் பழகிப் பார்த்துவிட்டு, வகுப்புக்கு எடுத்துவந்தேன். அதற்கு மின்சாரம் போதும். இணைய இணைப்பு தேவையில்லை. தன்னுடன் சேரும் கணினிகளுக்கு அதுவே முகவரி தந்துவிடும், பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும்.

என் மடிக்கணினியில் பாடக் கோப்புறையைப் பகிர்வுக்கு வைத்தேன். மற்றொரு கணினியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு மடிக்கணினியின் முகவரியைத் தட்டினேன். திறக்கவில்லை. மடிக்கணினியில் நெட்வொர்க்கைப் ‘பிரைவேட்’ என மாற்றியதும் திறந்தது. கடவுச்சொல் வைத்து, ‘படிக்க மட்டும்’ அனுமதி கொடுத்தேன். மாணவர்கள் தவறுதலாகவும் அழிக்க முடியாது.

பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு. தனியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பட்டவள் சொல்கிறேன்.